வெள்ளிக்கிழமை நகம்

மழைக்காலம் வந்தால் எங்கள் ஊர் தூமியாத்தில் மெருகு காயாது. கடலிலிருந்து ஏறிவரும் ஈரக்காற்று பூசி வைத்த பலகையை மறுநாளும் விரலில் ஒட்ட வைக்கும். மெருகு போட்டுப் பிழைக்கிற எனக்கு அது ஒரு கட்டாய விடுமுறை. அப்போதெல்லாம் எதிர்ப் பட்டறைக்கு, மித்வல்லியிடம் போய் உட்கார்ந்துவிடுவேன். சோபாவுக்கு மெத்தை அடிக்கிறவருக்கு மழை ஒரு பொருட்டில்லை. வாய் நிறையச் சின்ன ஆணிகளை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக நாக்கால் உதட்டுக்குத் தள்ளி எடுத்து அடிப்பார். அந்த நேரத்தில் அவரால் பேச முடியாது. அவருக்கும் சேர்த்து நான்தான் பேசுவேன்.

தூமியாத்து முழுக்க மரவேலைக்காரர்கள். ஒருவர் வேலையை இன்னொருவர் பாராட்டுவது இங்கே அபூர்வம். ஆனால் மித்வல்லியை யாரும் குறை சொன்னதில்லை. சோபா முடிந்ததும் வெள்ளைச் சாட்டின் துண்டு ஒன்றை எடுத்து எல்லா விளிம்பின் மேலும் இழுத்துப் பார்ப்பார். எங்காவது ஒரு நூல் மாட்டினால் போச்சு, ஆணித்தலையைத் திரும்ப அடித்து உள்ளே இறக்குவார். கல்யாணப் பெண்ணின் சீர் லாரியில் ஏறி ஊரைச் சுற்றி வரும்போது, அதில் யார் பட்டுத் துணியும் கிழியக் கூடாது என்பது அவர் கணக்கு.

"நூல் மாட்டினா வேலை முடியலன்னு அர்த்தம், லுத்ஃபி" என்பார் என்னிடம். "மாட்டக் கூடாது. அவ்வளவுதான்."

பஞ்சும் வைக்கோலும் கிடக்கிற இடத்துக்கு எலி வரும். எலிக்காகத்தான் பஸ்பூஸாவைக் கொண்டுவந்தார். பஸ்பூஸா என்பது எங்கள் ரவைப் பலகாரம், அது பதமாகச் சிவந்த நிறத்தில் ஒரு பெண் பூனை. நல்ல வேலைக்காரி. பஞ்சு மூட்டைகளின் மேலே ஏறி நின்றுகொண்டு பட்டறையைக் கண்காணிக்கும். என்னைக் கண்டால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், மெருகு நாற்றம் அதற்குப் பிடிக்காது.

மித்வல்லியின் மனைவி இனாயத்துக்குச் சிறுநீரகம் இரண்டும் போன பிறகு பூனை மாடிக்குக் குடிபோய்விட்டது. சனி, திங்கள், புதன் மூன்று நாளும் அவளுக்கு டயாலிசிஸ். மித்வல்லி அவளைப் படியில் தூக்கி இறக்கி, முச்சக்கர வண்டியில் கூட்டிப்போய், நாலு மணி நேரம் வராந்தாவில் உட்கார்ந்து, திரும்பக் கூட்டிவருவார். ஒரே மகன் சாபர் இத்தாலியில் ஏதோ ஓட்டலில் அடுப்படியில் நிற்கிறான். அவன் பேரை வைத்துத்தான் இங்கே அவளை உம்மு சாபர் என்றும் இவரை அபூ சாபர் என்றும் கூப்பிடுவது. அவன் போனில் முகம் காட்டுவான். அதற்கு மேல் அவனால் என்ன செய்ய முடியும்?

இனாயத்தின் இடது முழங்கைக்குக் கீழே இரண்டு ரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்திருந்தார்கள். ஊசி அதில்தான் இறங்கும். வலது கையில் முதலில் செய்தது அடைத்துப் போயிற்று. மிச்சம் இருந்தது இந்தக் கை ஒன்றுதான். அதன் மேல் விரலை வைத்தால் உள்ளே கிர்ரென்று ஓடிக்கொண்டே இருக்கும். என்னை ஒருமுறை தொட்டுப் பார்க்கச் சொன்னாள். நான் பயந்து கையை எடுத்துக்கொண்டேன்.

"பயப்படாதே, கடிக்காது" என்று சிரித்தாள். "பஸ்பூஸா இதைக் கேட்டுட்டுத்தான் இங்கேயே படுத்துக்குது. இன்னொரு பூனை உள்ள இருக்குன்னு நெனைக்குது போல. இது கிர்ருங்குது, அதுவும் கிர்ருங்குது. நான் நடுவுல தூங்கிப் போயிடுறேன்."

அவள் சாப்பாட்டில் உப்பில்லை. எங்கள் ஊர் வெள்ளைப் பாலாடைக்கட்டி கூடாது, பேரீச்சை கூடாது, ஃபூல் என்கிற அவரைக் கூட்டு கூடாது. தாகத்துக்கு ஒரு துண்டு பனிக்கட்டியை வாயில் ஒதுக்கிக்கொள்வாள். ஊருக்கே வெங்காயம் அடைத்த வாத்து சமைத்துப் போட்ட கை அது. அவளுக்கு மிச்சமிருந்த சந்தோஷம் அந்தப் பூனைதான் என்று நான் சொன்னால் அதில் மிகை எதுவும் இல்லை.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், டயாலிசிஸ் முடிந்து வந்து படுத்திருந்தாள். கீழே எவனோ பலகையைத் தொப்பென்று போட்டான். பூனை திடுக்கிட்டுக் குதித்தது. பின்னங்கால் நகம் அந்தக் கையில், ஊசி குத்திய இடத்துக்குப் பக்கத்தில் கோடு போட்டுவிட்டது. டயாலிசிஸின்போது ரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுப்பார்கள். அன்று ரத்தம் நிற்கவே இல்லை. மித்வல்லி புதுப் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே வண்டிக்காகக் கத்தினார். அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை.

டயாலிசிஸ் மையத்து நர்ஸ் தஹானி ரத்தத்தை நிறுத்திவிட்டு இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டினாள். "இந்தக் கை போச்சுன்னா எங்க குத்தறது? கழுத்துலயா? பூனையை யாருக்காவது குடுத்துருங்க."

"மாட்டேன்" என்றாள் இனாயத்.

"அப்ப நகத்தையாவது வெட்டுங்க. நுனி மட்டும், கூர்மை தெரியறப்போ மட்டும். வாரக் கணக்கு மாசக் கணக்கு எல்லாம் வேணாம், பார்த்துச் செய்ங்க. உள்ள ரோஸ் கலர்ல உயிர் இருக்கும், அதைத் தொட்டுராதீங்க. அந்தக் கைகிட்டயும் படுக்க விடாதீங்க."

கடைசிப் பாதியை இனாயத் காதில் வாங்கவில்லை. முதல் பாதியை மித்வல்லி வாங்கவில்லை.

"பார்த்துச் செய்யின்னா நான் மறந்துடுவேன்" என்றார் என்னிடம், வாயிலிருந்த ஆணியைத் துப்பிவிட்டு. "வெள்ளிக்கிழமைன்னு வெச்சுக்கிட்டா மறக்காது. எனக்கு வெட்டுறப்பவே அதுக்கும் வெட்டிடலாம்."

"அதுக்கு என்ன உஸ்தா, ஜும்ஆத் தொழுகைக்கா போகப் போகுது?" என்றேன்.

"சுத்தம் எல்லாருக்கும் சுத்தம்தான்டா."

வெள்ளிக்கிழமை காலை பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் குர்ஆனின் குகை அத்தியாயமான கஹ்ஃப் சூரா ஓத ஆரம்பித்ததும் நகம் வெட்ட உட்காருவது அவருடைய வாப்பா காலத்துப் பழக்கம். ஓதி முடிவதற்குள் வெட்டி, குளித்து, வெள்ளை கலாபியா அங்கி போட்டுத் தொழுகைக்குத் தயாராகிவிடுவார். இப்போது பூனையும் அதில் சேர்ந்தது. ஓதல் ஆரம்பித்ததும் அதைத் தூக்கிக்கொண்டு கீழே பட்டறைக்குப் போவார். வெளிச்சம் அங்கேதான் நன்றாக இருக்கும், நகம் வெட்ட அவர் எடுக்கிற, ஆணி பிடுங்கும் குறடும் அங்கேதான் இருந்தது. வெள்ளிக்கிழமை பட்டறைக் கதவு சாத்தியிருக்கும். உள்ளே நடந்ததை நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

குளிர் ஏற ஏறப் பஸ்பூஸாவின் போக்கு மாறியது. எலி அதன் முன்னாலேயே ஓடும், இது பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பஞ்சு மூட்டையில் ஏறுவதில்லை. நடக்கிறபோது ஈரத்தரையில் கால் வைப்பதுபோல உதறி உதறி வைத்தது. வயசாகிவிட்டது என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

பக்கத்து வீட்டு ஹிக்மத் வெள்ளிக்கிழமை காலையில் வந்து இனாயத்துக்குத் தலை சீவிப் பின்னிவிடுவாள். நல்ல மனசு, நல்ல கை, ஆனால் வாய்க்குத் தாழ்ப்பாள் கிடையாது. அவள்தான் முதலில் கண்டுபிடித்தாள்.

"உம்மு சாபர், கவனிச்சியா? கஹ்ஃப் ஆரம்பிச்ச ஒடனே ஒன் பூனை எந்திரிச்சு ஓடுது."

"சத்தத்துக்குப் பயந்து ஓடுது."

"சத்தமா? அஞ்சு வேளை பாங்கு சொல்றாங்க, அப்ப காதைக்கூட அசைக்கல. ரேடியோல ஓதுறாங்க, தூங்குது. கஹ்ஃப்புக்கு மட்டும் ஓடுது. கஹ்ஃப் யாருக்கு ஆகாது தெரியும்ல? கடைசி நாள்ல வர்ற தஜ்ஜாலுக்கு ஆகாது, சைத்தானுக்கு ஆகாது."

"போடி, அந்தச் சூராவுலயே ஒரு நாய் வருது. குகைவாசிகளோட படுத்திருந்துச்சு."

"நாய்தான் வருது. பூனை வரலியே!"

இனாயத் சிரித்துவிட்டாள். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை அவளும் கவனித்தாள். பூனை அவள் கையில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. ஒலிபெருக்கி கரகரத்து, ஓதுகிறவர் தொண்டையைச் செருமி, முதல் வசனம் தொடங்கியதும் தூக்கிவாரிப் போட்டு எழுந்து அலமாரிக்குப் பின்னால் போய்ப் பதுங்கியது. மித்வல்லி அப்போது பக்கத்து அறையில் இருந்தார். குறடு கீழே பட்டறையில் கிடந்தது. பூனை ஓடுவதற்கு எந்தக் காரணமும் இல்லை.

ஹிக்மத் வாயில் விழுந்த விஷயம் சந்து முழுக்கப் பரவ எவ்வளவு நேரமாகும்? டீக்கடையில் ஒருவன் என்னிடமே சொன்னான், அந்தப் பூனை வந்த பிறகுதான் அந்த அம்மாவுக்குச் சிறுநீரகம் போச்சாமே என்று. பூனை வந்தது நோய்க்கு முன்னால்தான், அது உண்மை. நானும் இந்தச் சந்துக்கு வந்து முப்பது வருஷமாகிறது, என்னையும் ஏன் சந்தேகப்படவில்லை என்று கேட்டேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

மித்வல்லிக்கு இது மனசுக்குள் இறங்கிவிட்டது. நூல் மாட்டுகிற இடத்தைத் தேடித் தேடியே பழகிப்போன மனுஷன், விடுவாரா?

"இனாயத், அதை விட்டுரலாம். ராத்திரி பூரா ஒன் கையிலதான் கெடக்குது. எனக்கு பயமா இருக்கு."

"அது ஜின்னா இருந்தாலும் இருந்துட்டுப் போகட்டும். எனக்கு ஒண்ணும் பண்ணல."

"கீறுச்சே!"

"பயத்துல கீறுச்சு. அபூ சாபர், ஒண்ணு சொல்றேன் கேளு. அந்த மெஷின்ல இருந்து வந்து படுத்தா என் ஒடம்பு என்னுது மாதிரியே இல்ல. பிழிஞ்சு போட்ட துணி மாதிரி கெடக்கேன். இது வந்து ஒட்டிக்கிட்டுப் படுத்தாத்தான் நான் இன்னும் இருக்கேன்னு தெரியுது. ஒங்கிட்ட சொன்னா நீ அழுவே. அதுகிட்ட சொல்ல வேண்டியதே இல்ல."

அவர் தலையாட்டிவிட்டுக் கீழே இறங்கினார். ஆனால் அந்த வியாழக்கிழமை அவள் அசந்து தூங்கியபோது பூனையை மூடிக்கூடையில் போட்டு, வண்டியேறி, ஆறு கடலில் சேருகிற எஸ்பத் அல்புர்க் மீன் ஏலத்துறையில் விட்டுவிட்டு வந்தார். அங்கே மீனுக்குப் பஞ்சமில்லை, பிழைத்துக்கொள்ளும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டதாக என்னிடம் சொன்னார். இனாயத்திடம், கதவு திறந்திருந்தது, போய்விட்டது என்றார். அவள் அன்று ஒன்றும் சாப்பிடவில்லை. பனிக்கட்டியைக்கூட வேண்டாம் என்றாள்.

மறுநாள் வெள்ளி. காற்றும் மழையுமாக இருந்தது. அவள் தனியாகப் படுத்திருப்பது பொறுக்காமல், மித்வல்லி குறடும் சாட்டின் துண்டும் எடுத்துக்கொண்டு மாடிக்கே போய் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஹிக்மத் பின்னலை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். ஒழுகுகிற இடத்தில் பாத்திரம் வைக்க என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஓதல் ஆரம்பித்தது. மித்வல்லி சாட்டினை முழங்கால் மேல் விரித்து, கட்டைவிரல் நகத்தை வெட்டி, விரலைத் துணியில் வைத்து இழுத்தார். கொஞ்சம் மாட்டியது. இன்னும் ஒட்ட வெட்டினார்.

இனாயத் தலையைத் திருப்பிப் பார்த்தாள். "அது என்ன, துணியில இழுக்கறே?"

"சோதனைதான். மாட்டக் கூடாதுல்ல."

"பூனைக்கும் இப்படித்தான் பண்ணியா?"

"ஆமா. மாட்டாத வரைக்கும் வெட்டுவேன். ஒன் கைக்காகத்தானே."

"கீழே தூக்கிட்டுப் போன வெள்ளியெல்லாமா?"

"எல்லா வெள்ளியும்தான். ஓத ஆரம்பிச்ச ஒடனே."

அவள் கையை நீட்டினாள். "அந்தத் துணியைக் குடு."

துணியில் பழுப்பாகச் சின்னச் சின்னப் புள்ளிகள் இருந்தன. முகர்ந்து பார்த்தாள். "காப்பித்தூள் வாசனை வருது."

"கொஞ்சம் ரத்தம் கசியும். காப்பித்தூள் வெச்சா நின்னுடும். நமக்கும் அப்படித்தானே பண்றோம்?"

ஓதல் நடந்துகொண்டிருந்தது. ஹிக்மத்தின் கையில் சீப்பு அப்படியே நின்றது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. மித்வல்லியின் முகத்தைப் பார்த்தேன். அவருக்கும் உறைத்துக்கொண்டிருந்தது. நல்ல வேலைக்காரர் தன் வேலையிலேயே கோணலைப் பார்த்துவிட்டால் முகம் எப்படிப் போகுமோ அப்படிப் போனது.

"ஓதலுக்கு ஓடல அது" என்றாள் இனாயத். குரலை உயர்த்தவில்லை. "ஒனக்கு ஓடியிருக்கு. வாரா வாரம் உயிரோட சேர்த்து வெட்டியிருக்கே. ஓதல் கேட்டா நீ வருவேன்னு அதுக்குத் தெரியும். நான் பக்கத்துலயே படுத்திருந்தேன். என்கிட்ட வந்து ஒளிஞ்சுது. நான் புடிச்சு ஒங்கிட்ட குடுத்தேன்."

அப்புறம் கேட்டாள். "கதவு திறந்திருந்துச்சா, நிஜமாவே?"

அவரால் பொய்யைத் தொடர முடியவில்லை. சொல்லிவிட்டார்.

இனாயத் தன் இடது கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். "நாளைக்கு நான் வரமாட்டேன். அது வர்ற வரைக்கும் இந்தக் கையை யாருக்கும் நீட்டமாட்டேன்."

"இனாயத், ரெண்டு தடவை போகாட்டி உசுரு..."

"தெரியும். எனக்குத் தெரியாதா?"

மித்வல்லி எழுந்து, நகம் பாதி வெட்டின கையோடு வெளியே போனார். நான் பின்னாலேயே ஓடினேன். அன்று எங்கள் இரண்டு பேருக்கும் ஜும்ஆ தப்பியது. எனக்கு அது முதல் தடவை இல்லை. அவருக்கு முதல் தடவை.

புயலுக்குப் பயந்து படகுகள் எல்லாம் கரையில் கட்டிக் கிடந்தன. துறையில் ஆளில்லை. மீன் பெட்டிகளின் அடியிலும் வலைக் குவியல்களிலும் பூனைகள் இருந்தன, நம் பூனை இல்லை. மித்வல்லி ஒவ்வொரு படகாகக் குனிந்து "பஸ்பூஸா, பஸ்பூஸா" என்று கூப்பிட்டுக்கொண்டு போனார். மழையில் பலகாரம் விற்கிறவரைப் போலிருந்தது. சிரிப்பு வரவேண்டிய இடம்தான். எனக்கு வரவில்லை.

கவிழ்த்துப் போட்ட ஒரு படகுக்கு அடியிலிருந்து அது தலையை நீட்டியது. ஒரு காது கிழிந்திருந்தது. மித்வல்லியைக் கண்டதும் ஓடியது. மற்றப் பூனைகளெல்லாம் மழைக்கு ஒதுங்கி உட்கார்ந்திருந்த வலைக் குவியலின் மேல் தாவியது, பிடி கிடைக்காமல் சரிந்து விழுந்தது. இன்னொரு தடவை தாவியது, சரிந்தது. படகு கட்டும் தூணில் ஏறப் பார்த்தது. நான்கு காலாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு அப்படியே வழுக்கிக் கீழே வந்தது. கடைசியில் சுவர் மூலையில் ஒடுங்கி நின்றுவிட்டது. மித்வல்லி போய்த் தூக்கினார்.

தூக்கியதும் அது அவர் முகத்தில் அடிக்க ஆரம்பித்தது. காதைப் பின்னுக்கு மடித்து, சீறிக்கொண்டு, இரண்டு முன்னங்காலாலும் மாறி மாறி, தன் பலத்தையெல்லாம் சேர்த்துக் கன்னத்திலும் கண்ணிலும் அடித்தது. ஒரு கீறல்கூட விழவில்லை. ஈரப் பஞ்சால் ஒற்றுவதுபோலத்தான் இருந்திருக்கும். அவர் முகத்தைத் திருப்பவே இல்லை.

"நல்லா அடி" என்றார். "அடிம்மா."

நான் கூடையைத் திறந்து பிடித்தபடி வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

வீட்டில் இனாயத் பூனையின் பாதத்தை விளக்கு வெளிச்சத்தில் பிடித்து, விரலை மெல்ல அழுத்திப் பார்த்தாள். நகம் வெளியே வரும் இடத்தில் கறுத்த முனைகள்தான் இருந்தன. ஒவ்வொரு பாதமாகப் பார்த்தாள். அழவில்லை. பூனை அவள் கையிலிருந்து நழுவிக் கட்டிலுக்கடியில் போய்விட்டது.

"நாளைக்கு வர்றேன்" என்றாள் கணவனிடம். "என்னைத் தூக்கிட்டுப் போகவும் கொண்டுவரவும் நீ மேல வா. மத்தபடி வேணாம். நீ இங்க இருந்தா அது வெளிய வராது."

பழிவாங்குவதற்காகச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. பூனைக்கு எது நல்லதோ அதைச் சொன்னாள். மித்வல்லி அன்றிலிருந்து பட்டறையில் படுத்தார். யாரோ ஒரு பெண்ணின் கல்யாணச் சோபா, பாதி மெத்தை அடித்தது, அதுதான் கட்டில். ஹிக்மத் எதுவும் பேசாமல் சமைத்துக் கொண்டுவந்து இரண்டு இடத்திலும் வைத்தாள். அவள் எதுவும் பேசாமலிருந்தது எங்கள் சந்துக்குப் புதுசு.

வெள்ளிக்கிழமைகளில் ஓதல் ஆரம்பித்ததும் மித்வல்லி பட்டறையை விட்டுக் கிளம்பி ஆற்றங்கரைப் பக்கம் போய்விடுவார். ஒலிபெருக்கி ஓயும் வரை அங்கேயே நிற்பார். இங்கே இருந்தால் பூனைக்குத் தன் காலடி கேட்கும் என்று பயம்.

பூனை முதலில் கட்டிலுக்கடியிலிருந்து வெளியே வந்தது. அப்புறம் கால்மாட்டுக்கு ஏறியது. மழை விட்டு என் பலகைகள் காய ஆரம்பித்த சமயத்தில் பழைய இடத்துக்கே, அந்தக் கைக்கே திரும்பி வந்துவிட்டது என்று ஹிக்மத் சொன்னாள். நகம் வளர்ந்துகொண்டிருந்தது. இனாயத் அந்தக் கைக்குத் தொளதொளவென்று ஒரு தடித்த உறை தைத்துப் போட்டுக்கொண்டாள். கம்பளிச் சால்வையில் எப்போதாவது ஒரு நகம் மாட்டினால், பூனை தூங்குகிற நேரம் பார்த்து அந்த ஒரு நகத்தின் நுனியை மட்டும், சாபர் குழந்தையாக இருந்தபோது வாங்கிய கத்தரியால் எடுத்தாள். மாட்டாத நகத்தை அவள் தொடவில்லை.

ஒரு நாள் மத்தியானம் மாடி ஜன்னலில் இனாயத்தின் தலை தெரிந்தது.

"அபூ சாபர்! மேல வா. சாப்பாடு ஆறுது."

மித்வல்லி வாயிலிருந்த ஆணிகளை உள்ளங்கையில் துப்பினார். என்னைப் பார்த்தார். கலாபியாவில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிக்கொண்டு, பூனைக்குச் சத்தம் கேட்காமலிருக்கச் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறினார்.

கொஞ்ச நேரத்தில் மேலே ஒரு சீறலும், ஏதோ தட்டு விழுகிற சத்தமும் கேட்டது. நான் பதறிப்போய் எழுந்தேன். அவரே படியில் வேகமாக இறங்கி வந்தார். வலது மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நீளமாக மூன்று கோடு, மூன்றிலும் ரத்தம்.

"இங்க பாரு, லுத்ஃபி" என்றார். கண் நிறையத் தண்ணீர், முகம் நிறையச் சிரிப்பு. "எவ்வளவு ஆழமா இறங்கியிருக்கு பாரு!"

துடைக்கத் துணி எடுத்தேன். வேண்டாம் என்று கையை உயர்த்திப் பிடித்தபடி, எதிர்வரிசைப் பட்டறைக்காரர்களுக்கும் காட்டப் போனார்.